ஜூபர் மலையில் அன்று கொடி ஏறவில்லை

சென்ற ஆண்டு ஜூலையில், கார்கில் வெற்றி நாளை ஒட்டி ஒரு பள்ளியில் நடந்த பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு, நம் திருச்சியின் மேஜர் மாரியப்பன் சரவணன். ஒன்பது பிள்ளைகள் பேசினார்கள். அவர்களில் ஏழு பேர், அவர் பகைவரை விரட்டியடித்து, மலையுச்சியில் மூவண்ணக் கொடியை நட்டுவிட்டுத்தான் கண்மூடினார் என்று முடித்தார்கள். அரங்கம் அதிரக் கைதட்டியது. நானும் தட்டினேன். அப்படி முடித்த ஒரு மாணவிக்குத்தான் முதல் பரிசும் கொடுத்தோம். அவ்வளவு நல்ல குரல், அவ்வளவு திருத்தமான உச்சரிப்பு. வீடு திரும்பும் வழியிலேயே உறுத்தத் தொடங்கியது. ஓராண்டாகியும் அது விடவில்லை.

நடந்தது அதுவல்ல. எனக்கு அது தெரியும். தெரிந்தும் மேடையில் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன்.

1999 மே 28, 29க்கு இடைப்பட்ட இரவு. பீகார் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன். லடாக்கின் பட்டாலிக் பகுதியில், சிந்து நதிப் பள்ளத்தாக்குக்கு மேலே எழும் ஜூபர் மலை. தாக்க வேண்டிய இடம் 14,000 அடிக்கும் மேல். இருட்டில் ஏறிப் போய், விடிவதற்கு முன், நான்கு மணி அளவில் தாக்கினார்கள். மேலே கற்களை அடுக்கி அரண் கட்டி, இயந்திரத் துப்பாக்கிகளோடு உட்கார்ந்திருந்தான் எதிரி. கீழிருந்து வருகிறவனின் ஒவ்வொரு அசைவும் அவனுக்குத் தெரியும். சரவணன் ராக்கெட் லாஞ்சரால் அந்த அரணை நோக்கிச் சுட்டார். எதிரிகள் இருவர் மாண்டார்கள். குண்டுச் சிதறல் அவர் உடம்பில் பாய்ந்தது. ஆனாலும் அவர் பின்னால் வரவில்லை. காயத்தோடு முன்னால் நின்றே தன் ஆட்களை நடத்தினார். அதற்குப் பிறகு வந்த குண்டு தலையில் பட்டது. வயது 26. இன்னும் இரண்டரை மாதத்தில், ஆகஸ்ட் 10 அன்று, 27 நிறைந்திருக்கும்.

அன்று மலை நம் கைக்கு வரவில்லை. முகடு எதிரியிடமே இருந்ததால், அவர் உடலும் மேலேயே கிடந்தது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, ஒரு மாதத்துக்கும் மேலாக. திருச்சியில் குடும்பம் காத்திருந்தது. நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் உடலை எடுக்கும் வரை அந்த வீட்டில் அடுப்புகூட எரியாது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு தாய் அத்தனை வாரங்கள் எப்படி இருந்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை.

இந்தக் கதையில் கொடி எங்கே இருக்கிறது? நாம் கொண்டுபோய் நட்டதுதான். அன்போடு நட்டோம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொய்க் கொடி அவர் செய்ததை மறைத்துவிடுகிறது. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

கார்கிலில் முதலில் ஏறியவர்களின் நிலை வேறு, பிறகு ஏறியவர்களின் நிலை வேறு. மே மாதத்தில் நம் தரப்பில் பலர், ஊடுருவியிருப்பது சில தீவிரவாதிகள்தான், சில நாளில் துரத்திவிடலாம் என்று நம்பினார்கள். மேலே இருந்தவர்களோ பாகிஸ்தானின் நார்தர்ன் லைட் இன்ஃபன்ட்ரி படையினர். மலைப் போருக்கென்றே பழகியவர்கள். சமவெளியிலேயே அரணுக்குள் இருக்கும் ஒருவனை எதிர்க்க மூன்று பேர் வேண்டும் என்பது காலாட்படையில் காலங்காலமாகச் சொல்லும் கணக்கு. செங்குத்து மலையில் அந்தக் கணக்கும் போதாது. அந்த உயரத்துக்கு உடம்பு பழக நாள் பிடிக்கும். பீரங்கிகள் வந்து குவிய நாள் பிடிக்கும். எதிரி எத்தனை பேர், எந்தப் பாறைக்குப் பின்னால் என்பது, யாராவது ஏறிப் போய்க் குண்டை வாங்கிய பிறகுதான் தெரியும். அந்த 'யாராவது' என்ற இடத்தில்தான் சரவணன் நின்றார். மறுநாள் மே 30 அன்று இன்னொரு கார்கில் மலையான தோலோலிங்கில் மேஜர் ராஜேஷ் அதிகாரி விழுந்ததும் இப்படித்தான். தோலோலிங் ஜூன் 13 அன்றுதான் நம் கைக்கு வந்தது. டைகர் ஹில் ஜூலை 4. அந்த வெற்றிகளுக்கு முன் பீரங்கிகள் மலையை எப்படி அடிக்க வேண்டும், எத்தனை பேரை எந்தப் பக்கமாக அனுப்ப வேண்டும் என்று நம் படை கற்றுக்கொண்டிருந்தது. கற்றுக்கொடுத்தது மே மாதத்து இரவுகள்.

வெற்றி வரும் என்று தெரிந்து ஏறுவதற்கும், எதுவுமே தெரியாமல் ஏறுவதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை. 'இறுதியில் வென்றார்' என்று சொன்னால்தான் மனம் ஆறுகிறது. ஆறுவது நம் மனம், அவ்வளவுதான்.

'தோற்றுப்போன தாக்குதல் என்று எழுதினால் அவருக்கு இழுக்கு இல்லையா?' என்று ஒரு நண்பர் கேட்டார். ராணுவம் அப்படி நினைக்கவில்லையே! அந்த இரவுக்காகத்தான் அவருக்கு வீர் சக்ரா கொடுத்தார்கள். மலை பிடிபட்டதா என்று பார்த்துக் கொடுக்கவில்லை, அவர் என்ன செய்தார் என்று பார்த்துக் கொடுத்தார்கள். (வீர் சக்ராதானா, பரம்வீர் சக்ரா இல்லையா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். போர்க்கள விருதுகளில் மூன்றாவது என்று தரம் பிரித்துப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.)

நம் முன்னோர்களும் அப்படி நினைக்கவில்லை. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போராடிப் பட்டான், அதாவது இறந்தான், என்கிறது கல்லெழுத்து. கோவிவன் என்ற அவனுடைய நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் மறக்காமல் சொல்கிறது. எந்த அரசன் காலம், யார், எதற்காக நின்றான், எப்படிப் பட்டான் என்பதோடு எழுத்து முடிகிறது. அவன் வென்றான் என்று ஒரு சொல்லைக் கூட்டவில்லை. கூட்ட வேண்டும் என்று கல் வெட்டியவனுக்குத் தோன்றவுமில்லை. 1,400 ஆண்டு கழித்து ஒரு நாயின் பெயர்கூட நமக்குத் தெரிகிறது. நாமோ 25 ஆண்டுக்குள் ஒரு மேஜரின் கடைசி இரவை மாற்றி எழுதிவிட்டோம். 'வீரவணக்கம்' என்று ஒரு படம் போட்டு ஆயிரம் பேர் பகிர்கிறோம். எந்த மலை, எந்த பட்டாலியன், உடன் போனது யார் என்று கேட்டால் தெரியவில்லை.

உடன் போனவர்களில் ஒருவர் பெயரையாவது இங்கே எழுதிவிடுகிறேன். நாயக் கணேஷ் பிரசாத் யாதவ். அதே பட்டாலியன், அதே இரவு, அதே முடிவு. அவருக்கும் வீர் சக்ரா. ராமேஸ்வரத்தில் பிறந்த சரவணன், பீகார்க் கிராமத்து இளைஞர்களையும் சோட்டா நாக்பூர் ஆதிவாசி இளைஞர்களையும் கூட்டிக்கொண்டு லடாக் மலையில் ஏறியிருக்கிறார். அவர்கள் தாய்மொழியில் ஒரு சொல்லும் இவர் வீட்டில் பேசியிருக்க மாட்டார்கள். 'ஜெய் பஜ்ரங் பலி' என்றும் 'பிர்சா முண்டா கீ ஜெய்' என்றும் முழங்குகிற ரெஜிமென்ட் அது. சரவணன் பெயரைத் திருச்சியில் சொல்லும்போது கணேஷ் பிரசாத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சரவணன் விழுந்து சரியாக இரண்டு மாதம் கழித்து, 1999 ஜூலை 29 அன்று, கார்கிலில் என்ன தவறு நடந்தது என்று ஆராய ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் கே.சுப்பிரமணியம். அவரும் நம் திருச்சிக்காரர்தான். ஊடுருவல் அரசுக்கும் ராணுவத்துக்கும் உளவு அமைப்புகளுக்கும் முழு அதிர்ச்சியாக வந்தது என்று அந்தக் குழு ஒளிக்காமல் எழுதியது. 2000 பிப்ரவரியில் அந்த அறிக்கை நாடாளுமன்றத்திலேயே வைக்கப்பட்டது. தவறைத் தவறு என்று எழுத ஒரு நாட்டுக்கு முடிந்திருக்கிறது. பள்ளி மேடையில் பேச நமக்கு ஏன் இவ்வளவு தயக்கம்? கீழே முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியது தெரியாமல் போனதால்தான், அந்த 26 வயதுக்காரர் மேலே அவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது எனக்கு உறுத்துகிறது.

அந்த மாணவியின் தமிழாசிரியரிடம் சென்ற வாரம் பேசினேன். பரிசைத் திரும்பக் கேட்கவா போகிறீர்கள் என்று பதறிப்போனார். அதற்கில்லை, அவளிடம் பத்து நிமிடம் பேச வேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும் என்றேன். பள்ளி முடிந்ததும் ஆசிரியர் அறையில் வைத்து அந்த இரவு முழுவதையும் அவளிடம் சொன்னேன். கொடி இல்லை என்றதும் முகம் வாடியது. பிறகு அவளாகவே கேட்டாள்: "அப்படியென்றால் அவரை யார் கீழே கொண்டுவந்தார்கள்?"

ஜூலையில் ஜூபரை மீட்டது அதே முதலாவது பீகார் பட்டாலியன்தான். தங்கள் மேஜரை அவர்கள்தான் இறக்கிக் கொண்டுவந்தார்கள் என்று சொன்னேன். அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

வரும் ஜூலை 26 காலை கன்டோன்மென்டில் அவருடைய நினைவுத் தூணுக்கு முன்னால் இருப்பேன். அவளும் வருகிறேன் என்றிருக்கிறாள்.