வேலை முடிந்த லைப்ரரிகளை வழியனுப்பி வைப்போம்

போன மாதம் ஏழு வருடத்துப் பழைய புராஜெக்ட் ஒன்றை மறுபடி கையில் எடுத்தேன். நானே எழுதியது. சின்னத் திருத்தம்தான், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று உட்கார்ந்தேன். இரண்டு நாள் போனது. திருத்தம் பத்தே நிமிடம், மற்ற நேரமெல்லாம் புராஜெக்ட்டை ஓட வைக்கவே சரியாக இருந்தது. கோடைத் தளமாகக் கட்டித்தரும் பில்ட் டூலுக்கு, ஜாவாஸ்கிரிப்ட்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட்டின் பழைய வெர்ஷன் வேண்டும், அதற்கு ஒத்துப்போகாத இன்னொரு பேக்கேஜ் (பிறர் எழுதிப் பகிர்ந்த கோட்), அதைப் புதுப்பித்தால் வேறொன்று உடைகிறது. அதே ஃபோல்டரில் பில்ட் எதுவும் இல்லாமல் வெறும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் என்று எழுதி வைத்திருந்த ஒரு பக்கமும் கிடந்தது. பிரவுசரில் திறந்தேன். நேற்று எழுதியதைப் போல ஓடியது.

அந்த இரண்டு நாளும் மனதில் ஓடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இந்த வெப் தொழிலுக்கு வந்தபோது ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிதான் எல்லாம். லைப்ரரி என்றால், அடிக்கடி தேவைப்படும் வேலைகளுக்கு யாரோ எழுதி வைத்த கோட் தொகுப்பு. இன்று அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் இளையவர்களைப் பார்க்கிறேன். அது எதற்காக வந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. 2006ல் ஜான் ரெசிக் அதை வெளியிட்டபோது, பட்டனை அழுத்தினால் ஒரு வேலை நடக்க வேண்டும் என்பதையே இரண்டு விதமாக எழுத வேண்டியிருந்தது. மற்ற பிரவுசர்களுக்கு ஆட்இவென்ட்லிசனர், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு அட்டாச்இவென்ட். பக்கத்தை ரீலோட் செய்யாமல் சர்வரிடம் டேட்டா வாங்க, எக்ஸ்ப்ளோரர் 6ல் மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ்எக்ஸைக் கூப்பிட வேண்டும். இந்தப் பங்காளிச் சண்டையை எல்லாம் ஜேக்வெரி தனக்குள் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் கூப்பிட நம் கையில் ஒரு டாலர் குறியைக் கொடுத்தது.

அது செய்த பெரிய காரியம் அதற்குப் பிறகு நடந்தது. சிஎஸ்எஸ் செலக்டரை வைத்தே பக்கத்தில் உள்ள எலமென்ட்டைப் பிடிக்கும் வழக்கத்தை அது ஊரெல்லாம் பரப்பியது. அதே வேலைக்கு பிரவுசர்களே குவெரிசெலக்டரைக் கொடுத்தன. பிறகு எலமென்ட்டின் கிளாஸை மாற்ற கிளாஸ்லிஸ்ட் வந்தது, 2015 வாக்கில் சர்வரிடம் டேட்டா வாங்க ஃபெட்ச் வந்தது. ஜேக்வெரி இருந்தால்தான் ஆகும் என்றிருந்த வேலைகள் ஒவ்வொன்றாக பிரவுசருக்குள்ளேயே குடிவந்தன. ஒரு லைப்ரரிக்கு இதைவிடப் பெரிய வெற்றி இருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சிஎஸ்எஸ் பக்கமும் இதே கதைதான். வேரியபிளுக்காகவும் (ஒரு மதிப்புக்கு ஒரு பெயர்) நெஸ்டிங்குக்காகவும் (விதிக்குள் விதி) சிஎஸ்எஸ்ஸாக மாறும் சாஸ் என்ற மொழியில் எழுதினோம், இன்று இரண்டுமே சிஎஸ்எஸ்ஸில் இருக்கின்றன. பக்கத்தைப் பன்னிரண்டு பத்திகளாகப் பிரிக்க பூட்ஸ்ட்ராப் என்ற சிஎஸ்எஸ் தொகுப்பை நம்பினோம், 2017ல் அதற்கு சிஎஸ்எஸ்ஸிலேயே கிரிட் வந்தது.

எல்லாத் தேவையும் இப்படித் தீர்ந்துவிடவில்லை. திரையைக் கட்டும் ரியாக்ட் லைப்ரரியை 2013 மே மாதம் ஃபேஸ்புக் எல்லோருக்கும் திறந்துவிட்டபோது, ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் எச்டிஎம்எல் மாதிரி எழுதுவதைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். ஆனால் டேட்டா மாறினால் திரை தானே மாற வேண்டும் என்ற எண்ணம் வென்றது. வியூ, ஸ்வெல்ட் போன்றவையும் அதையே வேறு வேறு வழியில் செய்கின்றன. பிரவுசரில் அதற்கு ஈடாக இன்னும் எதுவும் இல்லை. ஆகவே எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் கேட்பது வேறு. தேவை தீர்ந்த பிறகும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

லெஃப்ட்பேட் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 2016 மார்ச்சில், ஒரு பெயர்த் தகராறில் மனம் வெறுத்த டெவலப்பர் ஒருவர், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான என்பிஎம்மில் இருந்து தன் பேக்கேஜ்களை எல்லாம் எடுத்துவிட்டார். அதில் ஒன்றுதான் லெஃப்ட்பேட், எழுத்துகளுக்கு இடப்பக்கம் இடைவெளி நிரப்பும் 11 வரி கோட். புதிய ஜாவாஸ்கிரிப்ட்டைப் பழைய பிரவுசர்களுக்கு ஏற்ப மாற்றும் பேபல் உட்பட அதன் மேல் நின்ற பில்டுகள் உலகமெங்கும் உடைந்தன. இதுவரை எல்லோரும் சொல்வார்கள். மறுவருடமே ஜாவாஸ்கிரிப்ட்டில் அதே வேலைக்கு பேட்ஸ்டார்ட் வந்துவிட்டது, லெஃப்ட்பேட் பக்கத்திலேயே அதைப் பயன்படுத்துங்கள் என்று எழுதியும் வைத்துவிட்டார்கள். அப்படியும் அது இன்றுவரை டவுன்லோட் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது.

லெஃப்ட்பேட்டில் பில்டுகள் உடைந்ததோடு போயிற்று. பாலிஃபில் டாட் ஐஓ விஷயம் அப்படி முடியவில்லை. பழைய பிரவுசர்களில் இல்லாத வசதிகளை நிரப்பித் தர வந்த நல்ல சேவை அது. 2024ல் அந்த டொமைன் வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதைத் தொடங்கிய ஆண்ட்ரூ பெட்ஸ், உடனே எடுத்துவிடுங்கள், இன்றைய தளம் எதற்கும் இது தேவையே இல்லை என்று அப்போதே எச்சரித்தார். ஜூனில் அதே ஸ்கிரிப்ட் வழியாகத் தீங்கான கோட் பரவியபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதை அழைத்துக்கொண்டிருந்தன. எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்து அதற்குள் இரண்டு வருடம் ஆகிவிட்டது. அதை அழைக்கும் அந்த ஒரு வரியை எடுத்திருந்தால் போதும். எனக்கு இதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

மறுபக்கம் இருக்கும் மனிதர்களையும் பார்க்க வேண்டும். 2018ல் ஈவென்ட் ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜைப் பராமரித்தவரிடம் முன்பின் தெரியாத ஒருவர் மெயிலில் பொறுப்பைக் கேட்டார், இவரும் கொடுத்துவிட்டார். வந்தவர் பிட்காயின் வாலட்டில் கைவைக்கும் கோடை நுழைத்தார். கொடுத்தவரைத் திட்டித் தீர்த்தார்கள். அதனால் தனக்கு ஒன்றும் கிடைப்பதில்லை, தானே அதைப் பயன்படுத்தி வருடக்கணக்காகிறது என்று அவர் சொன்னதில் எனக்குத் தப்பே தெரியவில்லை. அவர் இறக்கி வைத்த பாரத்தை நாம் யாரும் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. பழைய பிரவுசர்களில் இல்லாத ஜாவாஸ்கிரிப்ட் வசதிகளை நிரப்பும் கோர்ஜேஎஸ் லைப்ரரியை எழுதும் டெனிஸ் புஷ்கரேவ் 2023ல் தன் நிலைமையை நீளமாக எழுதினார். அவர் எழுதிய கோட் உலகின் பெரிய பெரிய தளங்களில் ஓடுகிறது, அவருக்கோ சரியான வருமானம் இல்லை.

ஆகவே தேவையில்லாத பேக்கேஜை எடுப்பதை நான் வெறும் சுத்தம் செய்யும் வேலையாகப் பார்க்கவில்லை. நம் வீட்டின் ஒரு வாசலை அடைக்கிறோம், யாரோ ஒருவரின் தோளில் இருந்து ஒரு மூட்டையையும் இறக்குகிறோம்.

இதை அழகாகச் செய்தவர்கள் மொமென்ட் குழுவினர். தேதி, நேரம் கையாள எல்லோரும் பயன்படுத்திய லைப்ரரி அது. 2020ல் அவர்களே முன்வந்து, புதிய புராஜெக்ட்டுகளுக்கு எங்களை எடுக்காதீர்கள் என்று அறிவித்தார்கள். தேதிகளுக்காக ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே சேரும் டெம்போரல் இப்போது பிரவுசர்களில் வரத் தொடங்கிவிட்டது, அதை வடிவமைத்ததில் மொமென்ட்டைப் பராமரித்தவர்களுக்கும் பங்கு உண்டு.

அந்தப் பழைய புராஜெக்ட்டுக்கு வருகிறேன். ஓட வைத்த கையோடு அதன் பேக்கேஜ் பட்டியலை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நேராக இன்ஸ்டால் செய்தவை 31. இது எதற்காக வந்தது, அந்தக் குறை இன்னும் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுக்கொண்டேன். 12 வெளியே போயின. பெரும்பாலானவற்றின் இடத்தில் மூன்று நான்கு வரிகள் போதுமாக இருந்தன.

மிஞ்சியவற்றில் ஒன்று அட்டவணைகளுக்கான சின்ன லைப்ரரி. இன்னமும் உண்மையாகவே தேவைப்படுவது, ஒரே ஒருவர் பார்த்துக்கொள்வது. அதில் பல மாதமாகக் கிடந்த ஒரு பிழையைச் சரிசெய்து அனுப்பினேன். மறுநாள் காலையில் சேர்த்துக்கொண்டார். இதே மாதிரி இன்னும் நாற்பது கிடக்கின்றன, நேரம் இருந்தால் பாருங்கள் என்று கீழே எழுதியிருந்தார். இந்த வாரம் இரண்டாவதை எடுத்திருக்கிறேன்.