பதிவுகளை அடுக்கினால் புத்தகம் ஆகிவிடாது

"இதையெல்லாம் புத்தகமா போடலாமே" என்று யாராவது பின்னூட்டத்தில் சொன்னால் மனசு குளிர்ந்துதான் போகிறது. எனக்கும் நிறைய பேர் சொன்னார்கள். அம்மாவின் மறதி நோய் பற்றி மூன்று வருடமாக எழுதியவை, மொத்தம் 140 பதிவுகள். தொகுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நம்பினேன்.

எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, தரையில் பரப்பி உட்கார்ந்து வாசித்தேன். முப்பதாவது பதிவைத் தாண்ட முடியவில்லை. அம்மாவுக்கு என்ன நோய் என்று ஒவ்வொன்றிலும் முதல் பத்தியில் விளக்கியிருக்கிறேன். பதிவில் அது தேவைதான், அன்றைக்கு முதல்முறையாக வருகிறவருக்கும் புரிய வேண்டுமே. மூக்குக்கண்ணாடியைத் தேடிய கதை மூன்று இடத்தில், மூன்று விதமாக வருகிறது. அதைவிடச் சிக்கல், முடிவுகள். எல்லாப் பதிவும் கண்ணைக் கலங்கவைக்கும் ஒரு வரியில் போய் நிற்கிறது. வாரத்துக்கு ஒன்றாகப் படித்தபோது அது நெஞ்சைத் தொட்டது. இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை அதே அழுகை வந்தால் எதுவுமே உறைக்காது. எழுதிய எனக்கே உறைக்கவில்லை.

அதனால் உறுதியாகச் சொல்கிறேன், லைக் அதிகம் விழுந்ததைப் பொறுக்கி, எழுத்துப்பிழை மட்டும் திருத்தி அச்சுக்கு அனுப்புவது வாசகருக்குச் செய்கிற நியாயம் இல்லை. பதிவுகளில் சம்பவங்கள் இருக்கும். அவற்றையெல்லாம் கட்டி இழுத்துக்கொண்டு போகிற கேள்வி பெரும்பாலும் எழுதப்படாமலே இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் புத்தக வேலை.

அமெரிக்க எழுத்தாளர் ஜூலி பவல் 2002-ல் தொடங்கிய வலைப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். புகழ்பெற்ற சமையல் நிபுணர் ஜூலியா சைல்டின் சமையல் நூலில் இருந்த 524 செய்முறைகளை 365 நாளில் சமைத்து, நடந்ததை அவ்வப்போது எழுதினார். 2005-ல் புத்தகமாக வந்தபோது அது நாட்குறிப்புகளின் தொகுப்பாக இல்லை. முப்பதை நெருங்கும் ஒரு பெண், மனசு ஒட்டாத அலுவலக வேலை, திருமண வாழ்க்கை, இதற்கு நடுவில் ஏன் இப்படியொரு காரியத்தைத் தலையில் போட்டுக்கொண்டாள் என்ற கேள்வி முன்னால் வந்து நின்றது. ஜூலியா சைல்டின் வாழ்க்கையைக் கற்பனையில் விரித்த பகுதிகளும் சேர்ந்தன. வலைப்பூவை விடாமல் படித்தவருக்கும் புதிதாக ஏதோ கிடைத்தது.

சரி, என் கேள்வி எது? அதிகம் பகிரப்பட்ட பதிவை எடுத்துப் பார்த்தேன். சாப்பாடு ஊட்டும்போது அம்மா என் முகத்தைப் பார்த்து, "யார் சார் நீங்க? இவ்வளவு நல்லா பாத்துக்கறீங்களே" என்று கேட்டது. அந்த வரியோடு முடித்திருந்தேன். ஆயிரக்கணக்கில் இதயக் குறிகள். ஆனால் அதற்கு அப்புறம் நடந்ததை நான் எழுதவே இல்லை. தட்டை நங்கென்று வைத்துவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். அவ்வளவு கோபம். நோயின் மீதா, அம்மாவின் மீதா என்று இன்றுவரை தெரியவில்லை. பாராட்டு வாங்கித் தந்த வரிக்கு அடுத்த வரியிலிருந்துதான் என் புத்தகம் தொடங்குகிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

140-ல் இப்போது 38 மிச்சம். அவற்றிலும் பாதிக்கு மேல் திருத்தி எழுதியாகிவிட்டது. ஞாபகத்தை மட்டும் நம்பாமல், கூட இருந்தவர்களிடமும் கேட்கிறேன். பதிவு எழுதிய நாட்களில் இது எனக்குத் தோன்றியதே இல்லை. போன வாரம் சித்தியிடம் அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்டேன். மாடியில் பத்து நிமிஷம் இருந்திருப்பேன் என்றேன்.

"பத்து நிமிஷமா? ரெண்டு மணி நேரம்டா. அக்கா மாடிப்படிக்குக் கீழயே உக்காந்திருந்தா. யாருக்காகக் காத்திருக்கேன்னு அவளுக்கே தெரியல. உள்ள வான்னு கூப்பிட்டாலும் வரல."

அந்த அத்தியாயத்தை நான்காவது முறையாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.