பெயரறியா ஓவியர்

(திருவல்லிக்கேணியில் ஒரு டிஜிட்டல் பிரிண்ட் கடை. இரவு ஒன்பது மணி. செல்வம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். அதற்கடியில் குனிந்து உள்ளே வருகிறாள் நந்தினி, விஸ்காம் என்கிற விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் வருஷம். மறுநாள் காலை அவளுக்கு எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து தேர்வாளர் வந்து மார்க் போடும் நாள். விஸ்காம் படிக்கிற எல்லோருக்குமே எப்போதும் மறுநாள் காலைதான் எக்ஸ்டர்னல்.)

நந்தினி: அண்ணா, அண்ணா, மூடிடாதீங்க! ஒரே ஒரு பிரிண்ட்.

செல்வம்: எத்தனை பக்கம்?

நந்தினி: 22.

செல்வம்: ஒரே ஒரு 22. சரி, பென்டிரைவைக் குடு. (திறந்து பார்க்கிறார்) ஃபைனல்னு ஒண்ணு, ஃபைனல் நியூன்னு ஒண்ணு, 'இதான் ஃபைனல்'னு ஒண்ணு. எதும்மா?

நந்தினி: 'டெஸ்ட்'னு ஒண்ணு இருக்கும் பாருங்க. அது.

செல்வம்: (பெருமூச்சு) கலர் எல்லாம் ஆர்ஜிபி-ல இருக்கு, ஸ்கிரீனுக்கான சிவப்பு, பச்சை, நீலம்.

நந்தினி: அதனால என்ன? ஸ்கிரீன்ல சூப்பரா இருக்கே.

செல்வம்: ஸ்கிரீன்ல வர்றது வெளிச்சம். என் மெஷின்ல இருக்கிறது நாலு டப்பா மை. சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு. இதுல எதைக் கலந்தாலும் நீ போட்டிருக்கிற இந்த நீலம் வராது. மூணு வருஷம் துவைச்ச ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரிதான் வரும். இந்த நாலு மைக் கணக்கு, சிஎம்ஒய்கே, அதைப் பத்தி காலேஜ்ல சொல்லித்தரலையா?

நந்தினி: மூணாவது செமஸ்டர்ல சொன்னாங்க. அன்னிக்கு கல்ச்சுரல்ஸ்.

செல்வம்: ப்ளீடு விட்டிருக்கியா?

நந்தினி: அதுவும் அதே வாரம்தான்.

செல்வம்: நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெளிய இழுத்து விடணும்மா. இல்லன்னா கட்டிங்ல பிளேடு ஒரு நூல் தள்ளினாலும் ஓரத்துல வெள்ளைக் கோடு தெரியும். நானே இழுத்துக்கறேன். இந்த ஏழாம் பக்கம் என்ன, பனி மூட்டமா?

நந்தினி: மீன் மார்க்கெட்.

செல்வம்: வாட்ஸ்அப்ல வந்த போட்டோ.

நந்தினி: எப்படிணா கண்டுபிடிச்சீங்க?

செல்வம்: அகலம் 800 பிக்சல். பிரிண்டுக்கு 300 டிபிஐ, அதாவது இஞ்சுக்கு 300 புள்ளி. அந்தக் கணக்குக்கு முழுசா மூணு இஞ்சு கூட வராது. ஏ4 பக்கத்து அகலத்துக்கு 2480 பிக்சல் வேணும். நீ புடிச்சு இந்தக் கடைசிலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும் இழுத்து வெச்சிருக்க.

நந்தினி: அது ஒரு டெக்ஸ்ச்சர்ணா. வேணும்னேதான்.

செல்வம்: இதை எக்ஸ்டர்னல்கிட்ட இதே முகத்தோட சொல்லு. மார்க் வந்தாலும் வரும். சரி, அடுத்த பக்கத்துல ஒண்ணுமே இல்லையே. மூலைல ஒரு சிவப்புப் புள்ளி. மெஷின்ல மை சிந்திடுச்சுன்னு கஸ்டமர் சண்டைக்கு வருவாங்களே, அந்த மாதிரி.

நந்தினி: அது வெள்ளை இடம்ணா. மினிமலிசம். பௌஹவுஸ் பாதிப்பு.

செல்வம்: யாரு?

நந்தினி: பௌஹவுஸ். ஜெர்மனில 1919-ல ஆரம்பிச்ச டிசைன் ஸ்கூல். தேவையில்லாத அலங்காரம் எல்லாம் வேணாம்னு சொன்னவங்க. இன்னிக்கு உலகம் பூரா அவங்களைத்தான் படிக்கிறாங்க.

செல்வம்: இப்ப நடக்குதா?

நந்தினி: 1933-ல மூடிட்டாங்க.

செல்வம்: வாடகை ஏத்திட்டாங்களா?

நந்தினி: நாஜிங்க தொல்லைணா!

செல்வம்: அதுவும் கஷ்டம்தான். பக்கத்துக்கு 20 ரூபாய், புள்ளி மட்டும் இருந்தாலும் 20 ரூபாய்.

நந்தினி: நீங்களும் எங்க அப்பா மாதிரியே பேசறீங்க. படம் போடறதுக்கு மூணு வருஷமான்னு கேக்கறாரு. நம்ம ரூபாய்க் குறியை டிசைன் பண்ணது யாரு? உதயகுமார். தமிழ்நாட்டுக்காரர். மும்பை ஐஐடி-ல டிசைன் படிச்சவரு. 2010-ல கவர்ன்மென்ட்டே ஏத்துக்கிச்சு.

செல்வம்: எனக்குத் தெரியாதா? எங்கிட்ட இருந்த ஃபாண்ட் எதுலயும் அந்தக் குறி இல்ல. பில் புக் அடிச்சா ரூபாய் வர்ற இடத்துல எல்லாம் காலிக் கட்டம். ஒரு மளிகைக்கடைக்காரர் நூறு புக்கைத் திருப்பிக் கொண்டாந்து போட்டாரு. நல்ல மனுஷன்தான் உதயகுமார், என் கடைக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்.

(நந்தினி சிரிக்காமல் இருக்கப் பார்க்கிறாள்.)

செல்வம்: ரெண்டாம் பக்கத்துல என்னம்மா இங்கிலீஷு?

நந்தினி: இங்கிலீஷே போடலையே! ஐயோ, தமிழ் எல்லாம் எங்க போச்சு?

செல்வம்: ஃபாண்டைக் கொண்டாராம ஃபைலை மட்டும் கொண்டாந்தா இப்படித்தான். இரு, படிச்சுச் சொல்றேன். எம், கே, செமிகோலன், கே, ஹெச்... 'அம்மா'. டி, எஃப், செமிகோலன், எஃப்... 'அம்மாவுக்கு'. சமர்ப்பணமா?

நந்தினி: அண்ணா! இதை அப்படியே படிக்கிறீங்களா?

செல்வம்: இருபது வருஷமா பாமினி ஃபாண்ட்ல டைப் அடிக்கிறேன், அதுல இங்கிலீஷ் கீயைத் தட்டினாத்தான் தமிழ் வரும். வீட்டுக்காரி சண்டை போட்டாக்கூட எனக்கு கீபோர்டுல தெரியும். நீ ஏதோ புது ஃபாண்ட் போட்டிருக்க, ஆனா விசை அமைப்பு பாமினிதான். மாத்திடறேன். இனிமே எழுத்தைப் படமா மாத்தி, கர்வ்ஸ் பண்ணிட்டுக் கொண்டா. ஆமா, அப்பாவுக்குச் சமர்ப்பணம் இல்லையா?

நந்தினி: அவரு இன்ஜினியரிங் ஃபார்ம் வாங்கிட்டு வந்தவரு.

செல்வம்: ஃபார்முக்குக் காசு குடுத்தாருல்ல? ஒரு வரி போடு. சரி, பைண்டிங் என்ன, சென்டர் பின்னா?

நந்தினி: ஆமா, புக்கு மாதிரி.

செல்வம்: அப்ப 22 வராது.

நந்தினி: ஏன்?

செல்வம்: ஒரு ஷீட்டை மடிச்சா நாலு பக்கம்மா. 20 இருக்கணும், இல்ல 24 இருக்கணும். ரெண்டு பக்கத்தைத் தூக்கறியா, சேர்க்கறியா?

நந்தினி: புள்ளிப் பக்கத்தைத் தூக்க மாட்டேன்.

செல்வம்: உன் பிடிவாதத்துக்கு 40 ரூபாய். என்ன போடறதுன்னு யோசி, நான் மிச்சத்தைப் பார்க்கறேன். (பக்கங்களைத் தள்ளுகிறார். திடீரென்று நிறுத்துகிறார்) இது எங்க எடுத்த?

நந்தினி: ஐஸ்ஹவுஸ் பக்கம். பழைய சலூன் போர்டு. இதான் என் ப்ராஜெக்ட்டே. கையால எழுதின கடைப் பலகைங்க.

செல்வம்: (படிக்கிறார்) 'காலவெள்ளத்தில் மறைந்துபோன, பெயரறியா ஓவியரின் படைப்பு.'

நந்தினி: வரி எப்படி?

செல்வம்: மறைஞ்சு எல்லாம் போகலம்மா. இன்னும் ராத்திரி டிபனே சாப்பிடல.

நந்தினி: யாரு?

செல்வம்: நான்தான்.

நந்தினி: ... நீங்களா?!

செல்வம்: ஃப்ளெக்ஸ் வர்றதுக்கு முன்னாடி இந்த ஏரியால பாதி போர்டு நான் எழுதினது. அப்புறம் ஒரே நாள்ல பேனர் அடிச்சுக் குடுக்கற மெஷின் வந்துச்சு. எதுத்து நிக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் கடன் வாங்கி அதே மெஷினை வாங்கிட்டேன். அது போகட்டும், 'பெயரறியா'ன்னு எப்படிப் போட்ட? கீழ வலது மூலைல பேரு, போன் நம்பர் எல்லாம் போட்டுத்தானே எழுதினேன்?

நந்தினி: (குரல் இறங்கி) அந்த மூலையை கிராப் பண்ணிட்டேன். கம்போசிஷனுக்கு.

செல்வம்: என்ன சிஷனு?

நந்தினி: படத்தை மூணு மூணாப் பிரிச்சு அமைக்கிற ரூல் ஆஃப் தேர்ட்ஸ்ணா. மூலைல சின்ன எழுத்து இருந்தா கண்ணை இழுத்துடும்.

செல்வம்: கண்ணை இழுக்கத்தானே அங்க போட்டேன்! அதைப் பார்த்துத்தான் அடுத்த ஆர்டர் வரும்.

நந்தினி: வெட்டாத போட்டோ போன்ல இருக்கு. அண்ணா, அந்த ரெண்டு பக்கம்! ஒண்ணுல முழு போட்டோ, ஒண்ணுல உங்க பேட்டி. 24 ஆயிடுச்சு!

செல்வம்: வாட்ஸ்அப்ல அனுப்பாத. கேபிளைச் செருகு.

நந்தினி: (நோட்டை எடுத்து) முதல் கேள்வி. கம்ப்யூட்டர்ல ஷேடோ தானா வலது பக்கம்தான் விழும். நீங்க இடது பக்கம் விட்டிருக்கீங்க. நான்கூட 'மாலை வெயிலின் திசையை ஓவியர் உள்வாங்கியிருக்கிறார்'னு எழுதியிருக்கேன். ஏன் அப்படிச் செஞ்சீங்க?

செல்வம்: ஷேடா? எழுத்தெல்லாம் முடிச்சு ஏணிய விட்டு இறங்கினப்புறம் ஓனர் வந்து, 'ஏசி'ன்னு சேர்த்துடுங்கன்னாரு. வலது பக்கம் இருந்த இடம் அதுக்கே போயிடுச்சு. ஷேடை இடது பக்கம் தள்ளிட்டேன்.

நந்தினி: ஏசி இருந்துச்சா?

செல்வம்: டேபிள் ஃபேன் இருந்துச்சு.

நந்தினி: அப்ப மாலை வெயில்?

செல்வம்: அந்தப் போர்டு பார்த்தது கிழக்கு. அங்க காலை வெயில்தான், மாலை வெயிலே கிடையாது.

நந்தினி: எதைண்ணா எழுதட்டும்?

செல்வம்: எதுக்கு மார்க் வருமோ அதை எழுது. போன் நம்பரை மட்டும் மாத்திடு, அது பழைய லேண்ட்லைன்.