முழு லாகையும் ஏன் கேட்கிறீர்கள்?

“முழு லாகையும் போடுங்க, பார்க்கலாம்.” கணினி மக்கர் பண்ணுகிறது என்று யார் கேட்டாலும் முதல் பதில் இதுதான். லாக் என்றால், தனக்குள் நடப்பதையெல்லாம் கணினி தானே எழுதி வைக்கும் குறிப்பு. பாவம், அவரும் அப்படியே அள்ளிப் போட்டுவிடுகிறார். எனக்குக் கோபம் போட்டவர் மேல் இல்லை, போடச் சொன்னவர் மேல்.

எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், விண்டோஸ் மாதிரி கணினியை இயக்கும் லினக்ஸ் அதிசயம் இல்லை. கேரளப் பள்ளிகளில் கைட் என்ற அரசு நிறுவனம் கொடுப்பதே உபுண்டு என்ற லினக்ஸ்தான், தமிழ் மீடியத்துக்கும் அதேதான். லாக் எடுக்கப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறது என்று ஒரு தம்பி வாட்ஸ்அப் குழுவில் லாக் போட்டிருந்தான். உஷாராக 192.168.1.5 என்பதை எல்லா இடத்திலும் அழித்திருந்தான். அது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண், ஊரில் எத்தனையோ வீட்டில் அதுவேதான் இருக்கும். அடுத்த வரியிலேயே வைஃபையின் பெயர் பளிச்சென்று நிற்கிறது: அவன் வீட்டுப் பெயர். கேரளாவில் வீட்டுப் பெயர் என்றால் பாதி விலாசம். கூடவே ரௌட்டரின் மேக் முகவரி, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண். கூகுள் மாதிரி நிறுவனங்கள் இந்த முகவரிகளைத் திரட்டி வைத்துத்தான் ஜிபிஎஸ் இல்லாமலே இடத்தைக் கண்டுபிடிக்கின்றன. இன்னும் கீழே, சார்ஜுக்குச் செருகிய போனின் மாடல், சீரியல் எண். அறுந்துபோகிற வைஃபைக்கு இதெல்லாம் எதற்கு?

சர்வர் லாக் இன்னும் மோசம். எஸ்எஸ்எச் வழியாக, அதாவது தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும்போது அவசரத்தில் பயனர் பெயர் இடத்தில் பாஸ்வேர்டை அடித்துவிட்டால், அது ‘இல்லாத பயனர்’ என்று எழுத்துப் பிசகாமல் பதிவாகும். சூடோ போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டிய கட்டளையும் முழுசாக இருக்கும்.

“நம்ம லாகை யார் பார்க்கப் போறா” என்பார்கள். 2023 செப்டம்பர் கடைசியில், மற்ற நிறுவனங்களுக்கு லாகின் வசதி தரும் ஆக்டா நிறுவனத்தின் சப்போர்ட் பிரிவுக்குள் புகுந்தவர்கள் பார்த்தார்கள். வாடிக்கையாளர்கள் அனுப்பிய ஹார் கோப்புகளில் (பிரவுசர் அனுப்பியதும் பெற்றதும் பதிவான லாக்) கிடந்த செஷன் டோக்கன்களை, அதாவது ஏற்கெனவே லாகின் ஆனதற்கான அடையாளங்களை எடுத்து, சில வாடிக்கையாளர்களின் கணக்குக்குள்ளேயே போனார்கள். பழுது பார்க்க அந்தக் கோப்புகளைக் கேட்டு வாங்குவது ஆக்டாவின் வழக்கமான நடைமுறைதான்.

மறைத்துவிட்டு அனுப்பு என்பதும் பாதி அறிவுரைதான். எதை மறைப்பது என்று தெரிந்தவன் நம்மிடம் ஏன் வருகிறான்? உதவுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்: எந்தச் சேவையின் லாக், எத்தனை நிமிடத்துக்கு, குழுவிலா தனியாகவா என்று. அப்புறம், எல்லாவற்றுக்கும் எக்ஸ் எக்ஸ் என்று போட்டால் நமக்கும் ஒன்றும் புரியாது. ஒரு முகவரி வரும் இடமெல்லாம் ‘ரௌட்டர்1’, இன்னொன்றுக்கு ‘போன்1’ என்று ஒரே மாதிரி மாற்றச் சொல்லுங்கள். எது எதோடு பேசுகிறது என்பது அப்போதும் தெரியும்.