ஃப்ளாப்பர் காலத்துப் பாட்டை மேமி ஸ்மித்ல இருந்து கேளுங்க

1920கள் அமெரிக்கான்னு கூகுள்ல அடிச்சுப் பாருங்க, முதல்ல வர்றது அந்த ஃப்ளாப்பர் பொண்ணுங்க படம்தான். கழுத்துக்கு மேல வெட்டுன முடி, முட்டி தெரியுற ஃப்ராக், கையில சிகரெட், பின்னாடி ஜாஸ் பேண்டு. பார்க்க ஜாலியாத்தான் இருக்கு. ஆனா அந்தக் காலத்துப் பாட்டுன்னா அந்த ஜாலி மட்டும்தான்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க, ரீல்ஸ்ல வர்ற பின்னணி இசையும் அப்படித்தான் இருக்கு. எனக்கு இதுல ரொம்ப நாளா வருத்தம். அந்தப் பொண்ணுங்க ஆடுன பாட்டுக்கெல்லாம் வழி திறந்து விட்டது யாரு, காசு யாருக்குப் போச்சு, பேரு யாருக்குக் கிடைச்சதுன்னு பார்த்தா கதை வேற மாதிரி இருக்கு.

1920 ஆகஸ்ட்ல நியூயார்க்ல மேமி ஸ்மித்னு ஒரு கருப்பினப் பாடகி ஓகே (Okeh)ங்கிற ரெக்கார்டு கம்பெனிக்காக 'கிரேஸி ப்ளூஸ்' பாடுறாங்க. ப்ளூஸ்னா அமெரிக்கக் கருப்பின மக்கள்கிட்ட பிறந்த, வலியைச் சொல்ற பாட்டு வகை. அதுவரைக்கும் கருப்பினப் பெண் ஒருத்தங்க ப்ளூஸ் பாடி ரெக்கார்டு வந்ததே இல்ல. கருப்பு ஜனங்க எங்க ரெக்கார்டு வாங்கப் போறாங்கன்னு கம்பெனிக்காரங்களுக்கு ஒரு நினைப்பு. பெர்ரி பிராட்ஃபோர்டுங்கிற பாட்டு எழுதுறவர் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கி, கெஞ்சிக் கூத்தாடி இதைச் செய்ய வைக்கிறார். ரெக்கார்டு வந்ததும் கடையில நிக்கவே இல்ல, அப்படி ஓடுச்சு. உடனே எல்லா கம்பெனியும் ப்ளூஸ் பாடுற பெண்களைத் தேடி ஓட ஆரம்பிச்சாங்க, தனி கேட்டலாக் போட்டு அதுக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' (ரேஸ்னா இங்க இனம்)னு பேரு வேற வெச்சாங்க. இவங்க காசு வேணும், ஆனா இவங்க ரெக்கார்டு தனி லிஸ்ட்லதான் இருக்கணும்!

அப்படி வந்தவங்கதான் பெஸ்ஸி ஸ்மித் (மேமிக்கு சொந்தமில்ல, பேருதான் ஒண்ணு). 1923ல கொலம்பியா ரெக்கார்டு கம்பெனிக்கு அவங்க பாடுன 'டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்' பயங்கர ஹிட். அந்தப் பாட்டை எழுதுனதும் ரெண்டு கருப்பினப் பெண்கள்தான், ஆல்பர்ட்டா ஹண்டரும் லவ்வி ஆஸ்டினும், இதை யாரும் சொல்றதே இல்ல. பெஸ்ஸிக்கு கம்பெனி கொடுத்தது ஒரு பாட்டுக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை, அவ்வளவுதான், ராயல்டி, அதாவது விக்கிற ரெக்கார்டுக்கு ஏத்த பங்கு, கிடையாது. அந்த நாள்ல அது பெரிய காசுதான், அவங்க ஊர் ஊரா ஷோவுக்குப் போறதுக்கு சொந்தமா ஒரு ரயில் பெட்டியே வாங்குனாங்க. பகட்டுக்கு வாங்குனாங்கன்னு நினைச்சுடாதீங்க, தெற்கு மாநிலங்கள்ல கருப்பினக் கலைஞர்களுக்கு ஹோட்டல்ல ரூம் கிடைக்காது, சாப்பிட உக்கார இடம் கிடைக்காது, அதனால மொத்த ட்ரூப்பும் அந்தப் பெட்டியிலயே தூங்கி எழுந்து சாப்பிட்டுப் போகணும். 1937ல கார் விபத்துல செத்துப் போனாங்க, கல்லறைக்கு 1970 வரைக்கும் ஒரு கல்லு கூட இல்ல. கடைசில ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும் வேற ஒருத்தங்களும் சேர்ந்து காசு போட்டு வெச்சாங்க.

இப்ப மைக் விஷயத்துக்கு வரேன், எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச பகுதி. 1925 வரைக்கும் ரெக்கார்டிங்ல மைக்கே கிடையாது. பெரிய புனல் மாதிரி ஒரு ஹார்ன், அதுக்குள்ள முகத்தை வெச்சு பாடணும், சத்தத்தோட அதிர்வுல ஊசி மெழுகுல கீறும். மெதுவா பாடுனா பதியாது, ரொம்ப ஓங்கிப் பாடுனா ஊசி குதிச்சுடும், அதனால உச்சத்துக்குப் போகும்போது பாடகி ஒரு அடி பின்னாடி நகரணும். 1925 ஜனவரில பெஸ்ஸி பாடுன 'செயிண்ட் லூயிஸ் ப்ளூஸ்' அப்படிப் பதிஞ்சதுதான். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க, பெஸ்ஸி ஒரு வரி இழுத்து நிறுத்துவாங்க, அந்த இடைவெளியில லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் கார்னெட்ல (ட்ரம்பெட் மாதிரி ஊதுற கருவி) பதில் சொல்லுவார், பின்னாடி ஒரு ஹார்மோனியம் மட்டும் இழைஞ்சுக்கிட்டே இருக்கும், 3 நிமிஷம், வேற ஒண்ணும் இல்ல. அந்தக் கரகரப்பையும் தாண்டி அந்தக் குரல் வந்து நெஞ்சுல உக்காரும்.

அப்புறம் மைக் வந்துச்சு. அதே வருஷம் மே மாசம் கொலம்பியா ஸ்டுடியோவுல புது மெஷினுக்கு எக்கோ வரக்கூடாதுன்னு கூரையில இருந்து டெண்ட் மாதிரி துணியைக் கட்டி, அதுக்குள்ள பெஸ்ஸியையும் பேண்டையும் நிக்க வெச்சாங்க. பாடிக்கிட்டு இருக்கும்போது மொத்த டெண்டும் அவங்க மேலயே விழுந்துடுச்சு. ஆனா அந்த மைக் வந்த பிறகு பாட்டே மாறிப் போச்சு. கத்த வேண்டாம், காதுகிட்ட பேசுற மாதிரி பாடலாம், மூச்சு கூட பதியும். ரூத் எட்டிங், ஆனெட் ஹான்ஷா மாதிரி வெள்ளைக்காரப் பாடகிங்க வந்தது இதனாலதான்.

ஆனெட் ஹான்ஷாவை நம்மள்ல சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும், நினா பேலி எடுத்த 'சீதா சிங்ஸ் தி ப்ளூஸ்' கார்ட்டூன் படத்துல சீதை பாடுற பாட்டெல்லாம் இவங்க 1920கள்ல பாடுனதுதான். ராமாயணத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கத் தோணும், ஆனா கைவிடப்பட்ட ஒருத்தி அழுது ஆர்ப்பாட்டம் பண்ணாம, சிரிச்ச மாதிரியே வலியைச் சொல்றது அந்தக் குரல்ல இருக்கு. நிறைய பாட்டு முடிவுல "தட்ஸ் ஆல்"னு சின்னப் பிள்ளை மாதிரி சொல்லி முடிப்பாங்க, அது அவங்க முத்திரை. ஆனா மேடை ஏறவே பயம், பாட்டு உலகமே பிடிக்கல, 1930கள் முடியறதுக்குள்ள எல்லாத்தையும் விட்டுட்டு ஒதுங்கிட்டாங்க. கம்பெனி இவங்களை வேற வேற பேர்ல பாட வெச்சு, ஹெலன் கேன் மாதிரி மழலை பேசிப் பாடுன்னு சொல்லி ரெக்கார்டு போட்டுச்சு. அதுல எனக்குக் கோபம் உண்டு. சொந்தக் குரல்ல இவ்வளவு இருக்கிற ஒருத்தங்களை இன்னொருத்தர் மாதிரி பாட வெக்கிறது என்ன நியாயம்?

அந்த ஹெலன் கேன், 1928ல பூப்-பூப்-அ-டூப்னு பாடி பெரிய ஸ்டார் ஆனவங்க. பெட்டி பூப் கார்ட்டூன் என் ஸ்டைலைத் திருடிடுச்சுன்னு 2,50,000 டாலர் கேட்டு 1932ல கேஸ் போட்டாங்க. கோர்ட்ல என்ன ஆச்சுன்னா, பேபி எஸ்தர்னு ஒரு கருப்பினச் சிறுமி அதுக்கு முன்னாடியே க்ளப்ல இப்படிப் பாடிக்கிட்டு இருந்தா, அதை ஹெலன் கேன் வந்து பார்த்தாங்கன்னு அந்தச் சிறுமியோட மேனேஜர் சாட்சி சொன்னார். அவ பாடுன ஒரு டெஸ்ட் படத்தையும் போட்டுக் காட்டுனாங்க. 1934ல ஹெலன் கேன் தோத்தாங்க. சரி, அந்தச் சிறுமிக்கு என்ன கிடைச்சது? ஒண்ணுமில்ல. அவ குரலைக் கேட்க இன்னைக்கு நமக்கு ஒரு ரெக்கார்டு கூட இல்ல. பெட்டி பூப் பனியன் மட்டும் உலகம் பூரா விக்குது.

இதுக்காக ஹெலன் கேனைக் கேட்காதீங்கன்னு நான் சொல்லல, அவங்களும் நியூயார்க் பிராங்க்ஸ் பகுதியில இருந்து சாதாரணக் குடும்பத்துல பொறந்து உழைச்சு வந்தவங்கதான். நான் சொல்றது இவ்வளவுதான், வெள்ளைக்காரப் பாடகின்னா கொஞ்சிப் பேசணும், கருப்பினப் பாடகின்னா அழணும்னு மார்க்கெட் ரெண்டு பெட்டி செஞ்சு வெச்சிருந்துச்சு, அதுல ரெண்டு பக்கத்துப் பெண்களும் மாட்டுனாங்க, ஆனா சம்பளமும் பேரும் ஒரே மாதிரி கிடைக்கல. அந்தப் பெட்டியை உடைச்சவங்கன்னா எத்தல் வாட்டர்ஸ். கொஞ்சலும் வரும், ப்ளூஸும் வரும், 1933ல பெரும்பாலும் வெள்ளைக்காரங்களே நடிச்ச பிராட்வே (நியூயார்க்கோட பெரிய நாடக அரங்குகள் இருக்கிற இடம்) ஷோவுல நின்னு, புருஷனை வெறிக்கும்பல் கொன்னுடுச்சு, பிள்ளைங்களுக்கு ராத்திரி சாப்பாடு எடுத்து வெக்கணும், எப்படிச் சொல்றதுன்னு தெரியலன்னு ஒரு பாட்டு பாடுனாங்க. காமெடி ஷோ பார்க்க வந்த கூட்டத்துக்கு முன்னாடி!

அமெரிக்கச் சட்டப்படி 1923ல வந்த ரெக்கார்டெல்லாம் 2024 ஜனவரி 1ல இருந்து பொதுச் சொத்து, பெஸ்ஸியோட முதல் ஹிட்டும் அதுல வந்துடுச்சு, யார் வேணும்னாலும் கேட்கலாம், பகிரலாம். மேமில ஆரம்பிச்சு பெஸ்ஸி, எத்தல், அப்புறம் ஆனெட், கடைசியா ஹெலன் கேன்னு இந்த வரிசையில கேளுங்க, வித்தியாசம் காதுலயே தெரியும். எத்தல் வாட்டர்ஸ் 1921ல பிளாக் ஸ்வான் கம்பெனிக்குப் பாடுனது கரகரப்பு குறைஞ்ச நல்ல ப்ரிண்ட் யாராவது பார்த்திருந்தா கமெண்ட்ல லிங்க் போடுங்க.