முட்டை ஸ்ப்ராக்கெட்

என் பைக்குக்கு என்று தங்கச்சி மகன் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கி வந்த பின் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பின் பல் சக்கரத்தை, பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வட்டமாக இல்லை, யாரோ மேலே உட்கார்ந்து எழுந்த மாதிரி நீள்வட்டம். "மாமா, சைக்கிள்லயே இது வந்துருக்கு. பிக்கப் பிச்சுக்கும்" என்றான்.

சைக்கிளில் வந்தது உண்மைதான். 1983இல் ஷிமானோ என்கிற சைக்கிள் பாகக் கம்பெனி 'பயோபேஸ்' என்று வட்டமில்லாத பல் சக்கரம் விட்டது. ஆனால் அது காலுக்குச் செய்தது மாப்ள. மிதி உச்சிக்கும் அடிக்கும் வரும்போது காலில் வலு இருக்காது, அதைக் கணக்கில் வைத்து வடிவத்தை மாற்றினார்கள். இங்கே பின் சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் எஞ்சின் பல சுற்று சுற்றிவிடும், அந்தச் சுழற்சியைச் சீராக்கக் கனமான ஃப்ளைவீல் வேறு இருக்கிறது. எதை ஈடுகட்ட? 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 9 சுற்று. நீள்வட்டம் சுற்றுக்கு இரண்டு தடவை ஏற்ற இறக்கம் தரும், அதாவது நொடிக்கு 18 தடவை இழுவை ஏறி இறங்கும்.

சொன்னால் கேட்பானா? மாட்டிப் பார்த்தோம். நடு ஸ்டாண்டில் போட்டு, சாக்பீஸில் குறி வைத்து, நாலு இடத்தில் செயின் லூசு அளந்தோம். ஓரிடத்தில் 20 மி.மீ., இன்னோரிடத்தில் 40. இறுக்கமான இடத்துக்குச் சரிசெய்தால் லூசான இடம் வரும்போது பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் செயின் 'டக் டக்' என்று அடிக்கிறது. கழற்றிவிட்டோம்.

எடை குறைக்கத் துளை போட்ட அலுமினிய ஸ்ப்ராக்கெட் பந்தயத்துக்குச் சரி. மேலூர் பக்கத்துத் தூசியில் தினம் ஓடுகிற வண்டிக்கு ஸ்டீல்தான்.

அப்புறம், இழுவை கூட வேண்டும் என்றால் முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல்லை எடுத்துவிட்டு 13 போடலாம் என்றான். பார்க்க இது சாதாரண யோசனை. ஆனால் என் செயினில் 104 கண்ணி. 104 என்பது 13 எட்டு. ஒவ்வொரு பல்லும் காலமெல்லாம் அதே 8 கண்ணியைத்தான் கடிக்கும், ஒரு பல் கெட்டால் அந்த எட்டும் கெடும். 15 பல் என்றால் ஒவ்வொரு பல்லும் 104 கண்ணியையும் முறைவைத்துத் தொடும், தேய்மானம் பரவும். செயின் சீராகவும் ஓடும்: பல் குறையக் குறைய செயின் வேகம் ஏறி இறங்கித் துடிக்கும், 13 பல்லில் சுமார் 2.9 சதவீதம், 15இல் 2.2.

15 போட்டு உசிலம்பட்டி போய் வந்தேன். சத்தம் குறைந்திருக்கிறது. ஆனால் பின்னால் வீட்டம்மாவை வைத்துக்கொண்டு ஏறிய மேட்டில் மூன்றாவது கியருக்கு இறக்க வேண்டியதாகிவிட்டது. இதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.