2015 டிசம்பர் 1, சாயங்காலம்

காலப்பயணம் முடியுமா என்று யாராவது கேட்டால், "எந்தப் பக்கம்?" என்றுதான் முதலில் கேட்பேன்.

முன்னால் போகலாம். அதில் சந்தேகமே வேண்டாம். ரஷ்ய விண்வெளி வீரர் கென்னாடி படால்கா மொத்தம் 878 நாட்கள் பூமியைச் சுற்றிவிட்டு வந்தார். அந்த வேகத்தில் அவர் கடிகாரம் நம்முடையதைவிட மெதுவாக ஓடியது, கிட்டத்தட்ட 0.02 நொடி நம் எதிர்காலத்துக்குள் வந்து இறங்கினார். ஜிபிஎஸ் செயற்கைக்கோளில் கதை தலைகீழ். அந்த உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால், கூட்டிக் கழித்தால் அங்கே இருக்கும் கடிகாரம் நாளுக்கு 38 மைக்ரோநொடி வேகமாக ஓடும். அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டர் வரை இடம் தப்பும். நீங்கள் வடபழனியில் காத்திருப்பீர்கள், டிரைவர் பல்லாவரத்தில் நின்றுகொண்டு "லொகேஷன்லதான் சார் இருக்கேன்" என்பார்.

பின்னால் போவதில்தான் தகராறு. 1949ல் கணித மேதை கர்ட் கோடல், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை வைத்தே, சுழலும் பிரபஞ்சத்தில் நேற்றைக்குத் திரும்பலாம் என்று காட்டினார். அக்கா மகனுக்கு (இயற்பியல் படிக்கிறான்) இதில் ஏக சந்தோஷம். "கணக்கு இடம் கொடுக்குதே மாமா!" கொடுக்கட்டும். நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லையே. ஸ்டீபன் ஹாக்கிங் 2009 ஜூன் 28 அன்று கேம்பிரிட்ஜில் காலப்பயணிகளுக்கென்று ஒரு விருந்து வைத்தார். அழைப்பிதழை விருந்து முடிந்த பிறகுதான் வெளியிட்டார். ஒருவரும் வரவில்லை.

சரி, உங்களுக்கு மெஷின் கிடைத்தால் எங்கே போவீர்கள் என்று கேட்டான். யோசிக்கவே இல்லை. 2015 டிசம்பர் 1 சாயங்காலம், ஜாபர்கான்பேட்டை, எங்கள் தரைத்தள வீடு. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைக்க வேண்டும். அவ்வளவுதான். அப்பாவின் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அன்று ராத்திரி அடையாறு உள்ளே வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து மொட்டைமாடியில் செய்தித்தாள் விரித்துக் காயவைத்தார். எடுக்கும்போது அப்பாவின் முகம் செய்தித்தாளில் ஒட்டிக்கொண்டு வந்தது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெட்டியைக் காப்பாற்றிவிட்டால், பெட்டியைக் காப்பாற்றக் கிளம்பவே மாட்டேன். இதற்குச் சிலர், நீ மாற்றியதும் உலகம் வேறு கிளையாகப் பிரிந்துவிடும் என்கிறார்கள். அந்தக் கிளையில் இருக்கிற அம்மாவுக்குப் படங்கள் கிடைக்கும், நல்லது. இங்கே இருக்கிற அம்மாவுக்கு? எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம்.

ரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவ் சொல்வதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. போனாலும் நடந்ததை மாற்ற முடியாது. நீ போனதும் ஏற்கெனவே நடந்ததில் அடக்கம். அப்படியென்றால் நான் என்றைக்காவது போகப்போகிறேன் என்றால், அன்று சாயங்காலமே வந்திருக்க வேண்டும். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அம்மா ரசம் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. ஹாக்கிங்கின் விருந்து மாதிரியேதான்.

இதை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"காலிங் பெல் வேலை செஞ்சிருக்காது மாமா. அந்த மழைச் சத்தத்துல கதவைத் தட்டினா கேட்டிருக்குமா?"